ஸ்டோர்ச் சுவரைத் தாண்டிய மின்சாரம்

வீட்டில் தன் கையாற் செய்த பொறியொன்றைப் பற்றி யாரேனும் பேசத் தொடங்கினால், கற்றறிந்தோர் பலர் இலேசாகச் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகின்றனர். பொறி என்றால் அது பெரிய தொழிற்சாலையிலிருந்து வரவேண்டும். அத்தொழிற்சாலை கடலுக்கு அப்பால் எங்கேயோ இருக்கவேண்டும். கராஜின் மூலையிலே பழைய இரும்பையும் பழைய பற்றரியையும் வைத்துக்கொண்டு மல்லாடுகிறவன் வெறுமனே பொழுதைப் போக்குகிறவன் என்பது அவர்களது எண்ணம். இவ்வெண்ணம் தவறானது மட்டுமன்று. அது உருவானதற்கு ஒரு வரலாறும் உண்டு. ஊவா மலைநாட்டின் தோட்டங்களைக் கண்முன் வைத்து அவ்வரலாற்றை ஆராய்வதே நமது நோக்கம்.

நாம் எடுத்துக்கொள்ளும் பொறி மிக எளியது. இரு சக்கரங்கள் கொண்ட ஒரு மின் ஸ்கூட்டர். இரும்புக் குழாய்களை ஒட்டிச் செய்த சட்டம், பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அடங்கிய மோட்டார், கால் வைக்கும் பலகையின் கீழ் ஒரு பற்றரி, ஓட்டுகிறவனின் கைத்திருகலுக்கு ஏற்ப மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் விடும் கொன்ட்ரோலர், இரண்டு பிரேக்குகள். எண்ணிப் பார்த்தால் உறுப்புகள் பத்துக்கு மேல் இல்லை. பெற்றோல் எஞ்சினில் உள்ள பிஸ்டனோ, வால்வோ, காபரேற்றரோ, கியர்ப் பெட்டியோ இதிலே கிடையாது. ஒட்டுவேலை தெரிந்தவனும், கம்பிகளைப் பிழையின்றி இணைக்கத் தெரிந்தவனும் சேர்ந்தால் செய்து முடிக்கக்கூடிய பொறி இது.

அப்படியாயின், ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகப் பொறிகளின் நடுவிலேயே உழைத்துவந்த ஒரு மக்கட் கூட்டத்தில், பொறி செய்வோர் ஏன் ஒரு தனித் தொழிற்குலமாக எழவில்லை? தேயிலைத் தொழிற்சாலைகளின் சக்கரங்கள் இரவும் பகலும் சுழன்ற மலைகளிலே, அச்சக்கரங்களைச் சுற்றிய கைகள் தமக்கென்று ஒரு சக்கரத்தைச் செய்துகொள்ள ஏன் இத்தனை காலம் சென்றது? ஸ்கூட்டரைப் பற்றிய இச்சிறு கேள்விக்கு விடை காண முனைந்தால், நாம் பெரிய கேள்விகளுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது.

*

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். மின்சார வண்டி என்பது நேற்று முளைத்த புதுமை என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது பெற்றோல் வண்டிக்கு மூத்தது. பிரான்சு நாட்டின் காஸ்தோன் பிளாந்தே திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய ஈயப் பற்றரியை 1859இல் ஆக்கினார். 1881 ஏப்ரலில் கஸ்தாவ் த்ரூவே என்பவர் பாரிசு நகரத்து வீதியொன்றில் மின்னால் ஓடும் மூன்று சக்கர வண்டியைச் செலுத்திக் காட்டினார். கார்ல் பென்ஸ் தமது பெற்றோல் வண்டிக்குக் காப்புரிமை பெற்றதோ 1886இல்தான்.

த்ரூவேயின் வண்டி எப்படிப் பிறந்தது என்பதுதான் நமக்கு இங்கே முக்கியம். அது மாபெரும் தொழிற்சாலையொன்றின் படைப்பன்று. இங்கிலாந்தில் செய்யப்பட்டு ஏற்கெனவே விற்பனையில் இருந்த மிதி வண்டி ஒன்றை எடுத்து, தாம் செப்பனிட்ட சிறு மோட்டாரையும் தமது பற்றரியையும் அதிலே பொருத்தினார் அவர். இன்று வீட்டு முற்றத்தில் பழைய சைக்கிளின் சக்கரத்தைக் கழற்றி மோட்டார்ச் சக்கரத்தை மாட்டுகிற இளைஞன் செய்வதும் அதேதான். ஆக, பட்டறையில் கையாற் செய்து பார்த்தல் என்பது இக்கலையின் ஓரத்திலே ஒட்டிக்கொண்ட விளையாட்டன்று. அதன் தோற்றுவாயே அதுதான்.

1899இல் கமீல் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியர் மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் முதன்முதலாகத் தரைமீது வண்டி ஓட்டினார். அதுவும் மின்சார வண்டியே. 1915இல் நியூயோர்க்கில் நின்றுகொண்டு ஓட்டும் 'ஓட்டோபெட்' என்ற ஸ்கூட்டர் விற்பனைக்கு வந்தது. முதல் உலகப் போருக்குப் பின்னர் ஜெர்மனியின் குருப் நிறுவனம் அவ்வகை ஸ்கூட்டரைத் தானும் செய்தது. ஆயினும் மின்சார வண்டி பின்தள்ளப்பட்டது. ஈயப் பற்றரியின் பாரமும், மலிவாகக் கிடைத்த எண்ணெயும் அதன் வழியை அடைத்தன. லிதியப் பற்றரி 1991இல் சந்தைக்கு வந்தபின்னரே அவ்வழி மீண்டும் திறந்தது. இப்பற்றரிக்கு அடித்தளமிட்ட குடினஃப், விற்றிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ஏறத்தாழ 30 கிலோ ஈயப் பற்றரி தாங்கும் ஆற்றலை 6 அல்லது 7 கிலோ லிதியப் பற்றரி தாங்கிவிடுகிறது. மலைநாட்டில் இவ்வேறுபாடு சிறியதன்று.

*

ஏனெனில் ஊவா சமதரையன்று. பதுளை நகர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வீதியிலே சென்றால் வரும் அப்புத்தளையோ 1,430 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. புகைவண்டிப் பாதையே இம்மலைகளுக்கு முன் திணறித்தான் வந்தது. பதுளையைப் பாதை எட்டியது 1924இல். தெமோதரையில் அது தன்னைத்தானே சுற்றி வளைந்து, தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகப் புகுந்து செல்கிறது. எல்ல அருகே ஒன்பது வளைவுகள் கொண்ட பாலத்தின்மேல் ஏறுகிறது. நேரே ஏறமுடியாத மலையை வளைந்தே ஏறவேண்டும் என்ற பொறியியற் பாடத்தைக் கற்பாறையில் எழுதி வைத்தாற்போல் நிற்கின்றன இவை. அப்பாதைகளுக்காகக் கல்லுடைத்தவர்களின் பெயர்கள் எந்தத் தூணிலும் பொறிக்கப்படவில்லை.

இம்மலையிலே ஸ்கூட்டர் ஓட என்ன வலு வேண்டும் என்பதை யாரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். வண்டியும் ஆளும் சுமையும் சேர்ந்து 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பத்து மீற்றர் முன்னேறினால் ஒரு மீற்றர் உயரும் ஏற்றத்திலே, மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதற்குச் சக்கரத்திலே ஏறத்தாழ 1,200 வாற்று வலு தேவை. மோட்டாரிலும் கொன்ட்ரோலரிலும் வீணாவதைச் சேர்த்தால் பற்றரி 1,500 வாற்று கொடுக்கவேண்டும். சமவெளி நகரங்களுக்கென்று விற்கப்படும் 350 வாற்று ஸ்கூட்டரை இங்கே கொண்டுவந்தால், அதே ஏற்றத்தில் அது மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் ஊரும். சூடேறி நின்றுவிடவும் கூடும். அதைத் தள்ளிக்கொண்டு போகிறவன் அதற்கு முன்னரே மேலே போய்ச் சேர்ந்துவிடுவான்.

ஆகவே, ஊவாவிலே வலு மிகுந்த ஸ்கூட்டர் என்பது ஆடம்பரமோ இளவட்டத்தின் வேகப் பித்தோ அன்று. நிலத்தின் வடிவம் கேட்கும் அளவே அது. கொழும்புக்கும் சீன நகரங்களுக்கும் என்று வகுக்கப்பட்ட பொறி மலைத்தோட்டத்துக்குப் பொருந்தாதபோது, மலையை அறிந்தவனே தனக்கேற்ற பொறியைச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டுப் பட்டறையின் நியாயம் இதிலேதான் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. பதுளையிலிருந்து அப்புத்தளை வரை அந்த 150 கிலோவை ஏற்றிச் செல்ல ஒரு யூனிற்று மின்சாரம்கூட முழுமையாகத் தேவைப்படாது. அந்த ஒரு யூனிற்றை நீரிலிருந்து எடுப்பதாயின், 700 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர் ஏறத்தாழ 600 லீற்றர் போதும்; மூன்று பீப்பாய்த் தண்ணீர். மலையிலிருந்து மூன்று பீப்பாய் நீர் இறங்கினால் ஒரு மனிதன் தன் சுமையோடு மலையேறிவிடலாம். ஊவாவிலே இறங்கும் நீருக்குப் பஞ்சமில்லை. அந்நீரின் வலு யாருக்குப் போயிற்று?

*

கோப்பி நோயுற்று அழிந்தபின், 1880களிலும் 1890களிலும் ஊவாவின் மலைகள் தேயிலைக்கு மாறின. தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தோட்டத்தை 1890இல் வாங்கினார். தேயிலை, கோப்பியைப் போன்றதன்று. பறித்த கொழுந்தை அன்றன்றே வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, உலர்த்தி, சலிக்கவேண்டும். ஆதலால் தோட்டந்தோறும் ஒரு தொழிற்சாலை எழுந்தது. தோட்டத்து மக்கள் அதை 'ஸ்டோர்' என்றே அழைத்தனர், இன்றும் அழைக்கின்றனர்.

ஸ்டோருக்கு வலு வேண்டும். வெள்ளைத் துரைமார் நீரைத் தேடினர். மேலேயுள்ள ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி, குழாயிலே நீரை இறக்கி, முதலில் நீர்ச்சக்கரத்தையும் பின்னர் டர்பைனையும் சுழற்றினர். நீர் போதாத இடத்தில் நீராவி எஞ்சினும் எண்ணெய் எஞ்சினும் வந்தன. கூரையின் கீழே நீண்டு சுழலும் இரும்புத் தண்டு. அதிலிருந்து இறங்கும் தோல் வார்கள். அவ்வார்கள் சுழற்றும் உருட்டு யந்திரங்களும் காற்றாடிகளும். பின்னர் அதே டர்பைனோடு டைனமோவையும் இணைத்தனர். நாடளாவிய மின்சார வலையமைப்பு உருவாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் சொந்த நீர்மின்சாரம் இருந்தது. ஸ்டோர் ஒளிர்ந்தது, துரையின் பங்களா ஒளிர்ந்தது. கல்லெறி தூரத்திலே இருந்த லயத்துக் காம்பராவிலோ மண்ணெண்ணெய் விளக்குப் புகைந்தது.

வாய்க்காலை வெட்டியவன் தொழிலாளி. மழைக்காலத்தில் நடுநிசியில் எழுந்துபோய் வாய்க்கால் வாயிலே அடைந்த சருகை வாரியவன் தொழிலாளி. வார் அறுந்தால் தைத்தவனும், உருட்டு யந்திரத்தின் ஓசை மாறினால் எங்கே எண்ணெய் வற்றியது என்று காதாலேயே அறிந்தவனும் தொழிலாளியே. இவ்வறிவு ஏட்டில் ஏறவில்லை என்பதற்காக அது அறிவில்லை என்று கூறலாகாது. ஆயினும் அவ்வறிவுக்கு ஸ்டோர்ச் சுவரே எல்லையாக இருந்தது. சுவருக்கு உள்ளே அவன் யந்திரத்தை உயிரோடு வைத்திருப்பவன். சுவருக்கு வெளியே வந்துவிட்டால் அவன் நாட்கூலி.

ஏன் அவ்வறிவு வெளியே வந்து ஒரு பட்டறையாக மாறவில்லை? பட்டறைக்கு முதலில் ஒரு துண்டு நிலம் வேண்டும். அவன் படுத்துறங்கிய காம்பராகூட அவனுடையதன்று. பட்டறைக்குக் கடன் வேண்டும். கடனுக்கு ஈடு வேண்டும். அவனிடம் இருந்ததெல்லாம் கடன் மட்டுமே. கல்வி வேண்டும், தோட்டப் பாடசாலை எழுத்துக்கூட்டும் அளவோடு நின்றது. இவற்றுக்கெல்லாம் மேலாக, நாட்டிலே ஒரு பெயர் வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அப்பெயரையே பறித்தது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்பாடு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பங்கிட்டது. நாளை எந்த நாட்டுக்கு அனுப்பப்படுவோம் என்று அறியாதவன் எந்த மண்ணிலே பட்டறைக்கு அத்திவாரம் போடுவான்? நாடற்றவர் என்ற நிலை சட்டத்தின்படி முற்றாக நீங்குவதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அம்மக்கள் இவற்றையெல்லாம் வாய்மூடிப் பொறுத்துக்கொண்டனர் என்றும் கருதிவிடலாகாது. 1940இல் பதுளைப் பகுதியின் வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் தமக்குள் ஒரு குழுவைத் தெரிந்தெடுத்து, அக்குழுவைக் கலந்தே தோட்டத்தை நடத்தவேண்டும் என்று துரையை இணங்கச் செய்தனர். கூலியை உயர்த்து என்று கேட்பது ஒன்று; வேலையை நடத்துவதில் எமக்கும் குரல் வேண்டும் என்று கேட்பது மற்றொன்று. யந்திரம் யாருக்காகச் சுழல்கிறது என்ற கேள்வி அக்கோரிக்கையின் உள்ளே இருந்தது.

*

இதே காலத்தில், தோட்டத்து மக்களின் முன்னோர் கப்பலேறி விட்டுவந்த தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் நமது கருத்துத் தெளிவாகும். நீலகிரி மலையில் பைக்காரா ஆற்றின் நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. அதுவும் மலைநீர், அதை ஆண்டவரும் அதே ஆங்கிலேயர். ஆனால் அம்மின்சாரம் கம்பி வழியே கோயம்புத்தூருக்கு இறங்கியது. பஞ்சாலைகளுக்குப் போனது, அதோடு நிற்காமல் சிறு பட்டறைகளுக்கும், கிணற்றுமேட்டுப் பம்புசெட்டுகளுக்கும் போனது. பம்புசெட்டுக்கு மோட்டார் வேண்டும். மோட்டார் பழுதானால் திருத்த ஆள் வேண்டும். திருத்தக் கற்றவன் புதிதாகச் செய்யவும் கற்றான்.

கோவை மாவட்டத்துக் கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடுவின் கதை தமிழ் மக்கள் அறிந்தது. பள்ளிப் படிப்பில் நிலைக்காத அவர், வெள்ளை அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, கூலி வேலை செய்து பணம் சேர்த்து அப்படியொன்றை வாங்கினார்; வாங்கியதும் அதனைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தே பொறியியலைக் கற்றார். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸோடு போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். 1937இல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து ஆக்கிய மின் மோட்டார், இந்தியாவிலேயே ஆக்கப்பட்ட முதலாவது மோட்டார் என்று போற்றப்படுகிறது. பைக்காரா மின்சாரம் வந்து ஐந்தாண்டுகளில் கோவையில் மோட்டார் பிறந்ததைத் தற்செயல் என்று நாம் கருதவில்லை.

கோவையைப் புகழ்ந்து பாடுவது நமது நோக்கமன்று. அங்கேயும் பட்டறை வைத்தவர்களிற் பெரும்பாலோர் நிலமும் பருத்தியும் உடைய குடும்பங்களிலிருந்தே வந்தனர். அவர்களது வயலில் உழைத்த பண்ணையாள் மோட்டார் செய்யவில்லை. தனிமனிதரின் மேதை மட்டும் பொறியைப் படைப்பதில்லை என்ற உண்மையைக் கோவையும் ஊவாவும் ஒருசேர மெய்ப்பிக்கின்றன. மின்சாரமும், ஒரு துண்டு நிலமும், தவறு செய்து கற்றுக்கொள்ள ஓரளவு ஓய்வும், சமூகத்தின் மதிப்பும் ஒருங்கே கிடைக்கும் இடத்திலேதான் கைத்திறன் கண்டுபிடிப்பாக மலர்கிறது. ஊவாவின் தோட்டத் தொழிலாளிக்கு இந்நான்கில் ஒன்றேனும் கிடைக்கவில்லை.

இலங்கையிலும் இதனை உணர்ந்தவர் இருந்தனர். கைவினைஞர் ஒருவரின் மகனான டி. ஜே. விமலசுரேந்திரா, மலைநாட்டு நீரிலிருந்து நாடு முழுவதற்கும் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே பொறியியலாளர் சங்கத்தின் முன் கட்டுரை படித்தார். அவர் கனவு கண்ட லக்சபான திட்டம் 1950இல் நிறைவேறியது. 1969இல் மின்சார சபை அமைக்கப்பட்டது. ஆனால் மலைநாட்டு நீரின் மின்சாரம் கொழும்பை எட்டிய வேகத்தில் அதே மலைநாட்டு லயங்களை எட்டவில்லை. கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேதான் அது அங்கே பரவலாக நுழைந்தது. இதற்கிடையில், பெருங்கம்பி மின்சாரம் ஸ்டோருக்கு வந்ததும், தோட்டங்களின் சொந்த டர்பைன்கள் பல கைவிடப்பட்டுத் துருவேறின. சூமாக்கர் நிறுவிய இடைநிலைத் தொழில்நுட்பக் குழுவினர் பின்னாளில் வந்து அவற்றுட் சிலவற்றைச் செப்பனிட முயன்றனர். ஒரு தலைமுறையின் பொறியறிவு கண்ணெதிரே புதர் மூடிப் போன பின்னரே அதன் அருமை பேசப்பட்டது.

நீரின் கதை அங்கேயும் முடியவில்லை. நமது காலத்திலே உமா ஓயாவின் நீரை மலையைக் குடைந்து வெல்லவாயப் பக்கம் திருப்பி, 120 மெகாவாற்று மின்சாரம் எடுக்கும் திட்டம் நிறைவேறியிருக்கிறது. சுரங்கம் தோண்டும்போது 2014 இறுதியில் உள்ளே நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கினர். 2024 ஏப்ரலில் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், வலுவை எடுக்கும் இடத்திலே வாழ்வோர் விலை கொடுப்பதும், அவ்வலுவின் பயன் வேறெங்கோ போவதும் ஊவாவுக்குப் புதியதன்று என்பதையே சுட்டிக்காட்டுகிறோம்.

*

2022ஆம் ஆண்டு எல்லாவற்றையும் ஒரே அடியில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. ஜூன் 27ஆம் நாள், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் வழங்கப்படாது என்று அரசு அறிவித்தது. பெற்றோல் நிலையங்களின் வாசலிலே மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றனர். ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று அதற்கு முந்திய ஆண்டிலேதான், நெடிய போராட்டத்தின் பின், வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருந்தது. மூன்று லீற்றர் மண்ணெண்ணெய் ஒரு நாள் உழைப்பை விழுங்கியது.

கொழும்பிலே இருப்பவருக்கு எரிபொருள் இன்மை ஓர் இடைஞ்சல். பிரதான வீதியிலிருந்து பல மைல் மலைப்பாதையில் இருக்கும் தோட்டத்துக்கு அது வேறொன்று. பிரசவ வேதனையில் இருப்பவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோவது? பசறையிலோ வெலிமடையிலோ உயர்தரம் படிக்கும் பிள்ளை பஸ் இல்லாத நாளில் என்ன செய்யும்? அந்நாட்களில் நாடெங்கும் மக்கள் சைக்கிளை நாடினர். மலைநாட்டில் சைக்கிளும் தோற்றுப்போகும் ஏற்றங்கள் உண்டு. வலு மிகுந்த மின் ஸ்கூட்டர் என்ற எண்ணம் இங்கே பொழுதுபோக்காக இல்லாமல் தேவையாக நிற்பது இதனாலேதான்.

அதற்கான அறிவும் இன்று மலையிலே இருக்கிறது. தோட்டத்து வீடுகளிற் பிறந்த இளைஞர்கள் பண்டாரவளையிலும் பதுளையிலும் கைத்தொலைபேசி திருத்துகின்றனர், ஓட்டோ எஞ்சினை இறக்கி ஏற்றுகின்றனர், ஒட்டுவேலை செய்கின்றனர். 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது. பற்றரியும் மோட்டாரும் துண்டுதுண்டாக விலைக்குக் கிடைக்கின்றன. ஸ்டோர்ச் சுவருக்குள் நூறாண்டு அடைபட்டிருந்த பொறியறிவு, முதன்முறையாகச் சுவரைத் தாண்டி லயத்து முற்றத்துக்கு வரக்கூடிய காலம் இது.

ஆனால் உற்சாகத்தில் ஆபத்தை மறைப்பது நேர்மையாகாது. லிதியப் பற்றரியைத் தவறாக இணைத்தால் அது தீப்பற்றும். அந்தத் தீ எளிதில் அணையாது. பழைய கணினிகளிலிருந்து கழற்றிய கலங்களை வயது பாராமல் ஒன்றாகக் கட்டுவதும், காவற் சுற்றும் பியூசும் இன்றி ஓடவிடுவதும், இரவிலே படுக்கையறையில் மின்னேற்றுவதும் உயிரைப் பணயம் வைப்பதாகும். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் ஒரு காம்பராவிற் பற்றும் தீ ஒரு காம்பராவோடு நிற்பதில்லை. ஏற்றத்தைவிட இறக்கம் கொடியது. அப்புத்தளையிலிருந்து பதுளைக்கு இறங்கும் அந்த 150 கிலோவின் ஆற்றல் முழுவதும் வெப்பமானால், மூன்று லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்றும் வீதியும் எடுத்துக்கொண்டாலும், எஞ்சியதைப் பிரேக்கே தாங்கவேண்டும். ஏறுவதற்கு வலு தேடுகிறவன் இறங்குவதற்கு இரு மடங்கு சிந்திக்கவேண்டும். மோட்டாரையே இறக்கத்தில் டைனமோவாக்கி, வேகத்தைத் தடுத்து, ஆற்றலின் ஒரு பகுதியைப் பற்றரிக்குத் திருப்பும் முறை இருக்கிறது. எனினும் நல்ல பிரேக்குக்கு அது மாற்றாகாது.

இத்தகைய அறிவை ஒவ்வோர் இளைஞனும் தன் கையைச் சுட்டுக்கொண்டே கற்கவேண்டும் என்று ஒரு சமூகம் விட்டுவிடலாமா? 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவு செய்யாத மோட்டார் வாகனம் பொது வீதியிற் செல்லலாகாது. சட்டம் நியாயமானதே, வீதியில் நடப்பவரின் உயிரும் உயிர்தான். ஆயின் கையாற் செய்தவன் தன் பொறியைக் கொண்டுபோய்ச் சோதித்துக் குறை கேட்டுத் திருத்திக்கொள்ள, அவனுக்கு எட்டும் தூரத்திலே ஓர் இடம் வேண்டாமா? கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே வராதவனைக் குற்றவாளி என்பது நீதியன்று. தோட்டப் பகுதிகளுக்கு நடுவே பொதுப் பட்டறைகள், பற்றரிப் பாதுகாப்பைத் தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கும் வகுப்புகள், செய்தவற்றைச் சோதித்துச் சான்று தரும் முறை, பட்டறை வைக்க ஒரு துண்டு உறுதி நிலம்: நாம் கேட்பது இவற்றையே. இவற்றிலே இறுதியாகச் சொன்னது முதலாவதாகக் கிடைக்கவேண்டும்.

இன்னும் ஒன்று. இந்நாட்டின் புகழ்பெற்ற பொறியியலாளரும், தம் கையாலேயே சிறு விமானங்களைச் செய்து பறந்தவருமான ரே விஜேவர்தன, இரு சக்கர டிராக்டரை உலகுக்கு அளித்தவர்களுள் ஒருவர். பின்னாளில் அவரே, எருமையின் வேலையை யந்திரமாக்கினோமே, உழவனின் வாழ்வு உயர்ந்ததா என்று தம் படைப்பைக் கேள்விக்குள்ளாக்கினார். அந்நேர்மை நமக்கும் வேண்டும். ஓர் இளைஞன் விரைவாக மலையேறுவதோடு இப்பொறியின் பயன் முடிந்துவிடுமாயின், அதற்காக இவ்வளவு பேச வேண்டியதில்லை.

ஊவாவின் மலையிலே இன்றும் பெருஞ்சுமையைத் தூக்குகிறவள் கொழுந்து பறிக்கும் பெண். சறுக்கும் படிகளிலே பாரத்தோடு ஏறி இறங்கி, நிறுக்கும் இடத்திலே வரிசையில் நிற்கிறாள். 1,500 வாற்று வலுவுக்கு ஓர் ஆளைத்தான் ஏற்றத் தெரியும் என்பதில்லை; கொழுந்து மூட்டையையும் தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் ஏற்றத் தெரியும். அதே சட்டம், அதே மோட்டார், அதே பற்றரி. சக்கரமும் தட்டும் மட்டுமே மாறவேண்டும். அவ்வண்டியைத் தோட்டத்து நிர்வாகம் கொண்டுவந்தால், ஒரு நாளைக்கு இன்னும் இத்தனை கிலோ பறி என்ற கட்டளையும் கூடவே வரும். அதைத் தொழிலாளரே செய்து, தொழிலாளரே வைத்திருந்தால், முதுகிலிருந்து இறங்கிய பாரம் வேறு வடிவத்தில் மீண்டும் ஏறாது. 1940இல் வெவெஸ்ஸ தோட்டத்தில் எழுந்த கேள்வி இங்கேதான் நம்மைத் திரும்பவும் சந்திக்கிறது.

பதுளையின் ஏதோ ஒரு முற்றத்தில் இன்று இரும்புக் குழாயை அறுத்துக்கொண்டிருக்கும் தம்பிக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: உனது கொள்ளுப்பாட்டன் நடுநிசியில் எழுந்துபோய் டர்பைன் வாய்க்காலின் சருகை வாரியவன். அவனுக்கு உரிய மின்சாரத்தைத்தான் நீ இப்போது எடுக்கிறாய். கம்பிகளைச் சரிபார், பிரேக்கை இரண்டு தரம் சோதி, முதல் வண்டி ஓடியதும், இரண்டாவதை யாருக்காகச் செய்யவேண்டும் என்று உன் தாயிடம் கேள்.